அறுபது வீடுகளுக்கு ஒரு முகவரி

லாய்ட் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்தது. சாந்தோமில் கடற்கரைக்குப் போகும் ஒரு சந்தில் அவனுடைய மாடி வீடு. மஃப்டியில் வந்த இருவர் மடிக்கணினியையும் கைபேசிகளையும் எடுத்துக்கொண்டார்கள். "சும்மா விசாரணைதான், வந்துட்டுப் போயிடலாம்" என்றார்கள். எங்கே, எதற்கு என்று கேட்டபடி அவன் மனைவி பிரிஸில்லா தெருவரை வந்தாள். அவன் ஜீப்பில் ஏறும்போது எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

முந்தைய வாரம் அடையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சலில் வந்திருந்தது. குண்டு எதுவும் இல்லை. ஆனால் பிள்ளைகளை அவசரமாக வெளியேற்றியதில் ஒரு சிறுமி மாடிப்படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். மின்னஞ்சல் எந்த இணைய முகவரியிலிருந்து கிளம்பியது என்று போலீஸ் கண்டுபிடித்தது. அந்த முகவரி தி.நகரில் உள்ள ஒரு சின்ன இணைய நிறுவனத்துக்குச் சொந்தமானது. யார் பயன்படுத்தியது என்று கேட்டதற்கு அந்த நிறுவனம் லாய்டின் பெயரைக் கொடுத்தது. லாய்ட் வேதியியல் ஆசிரியர். இப்போது மயிலாப்பூரில் வேலை பார்த்தாலும், முன்பு அதே அடையாறு பள்ளியில் இருந்து, தாளாளரோடு சண்டை போட்டுக்கொண்டு விலகியவன். போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

மறுநாள் பிரிஸில்லா அந்த நிறுவனத்துக்குப் போனாள். துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அலுவலகம். அங்கே நெட்வொர்க் வேலைகளைப் பார்க்கும் ஷண்முகப்ரியா, தங்கையின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டு அன்றுதான் திரும்பியிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் பேர எப்படிங்க குடுத்தீங்க?" என்றாள் பிரிஸில்லா. "அந்த மெயில் வந்த நேரத்துல அவர் குளிச்சிட்டிருந்தாரு. இத நான் யார்கிட்ட போய் நிரூபிக்கிறது?"

ஷண்முகப்ரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளை உட்காரவைத்துவிட்டு, போலீஸ் அனுப்பிய கேள்வியைத் திறந்து பார்த்தாள். அதில் இணைய முகவரி இருந்தது, நேரம் இருந்தது. போர்ட் எண் இல்லை.

எல்லா வீடுகளுக்கும் தனித்தனி முகவரி கொடுக்க நிறுவனத்திடம் போதிய முகவரிகள் கிடையாது. அதனால் அறுபது வீடுகள்வரை ஒரே முகவரியில் வெளியே போகும். வெளியுலகத்துக்கு அந்த அறுபது வீடும் ஒன்றுதான். ஒவ்வோர் இணைப்பும் கிளம்பும்போது நிறுவனத்தின் இயந்திரம் அதற்கு ஓர் எண்ணைக் கொடுக்கும். அதுதான் போர்ட் எண். பதில் திரும்பி வரும்போது அந்த எண்ணைப் பார்த்துத்தான் எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று இயந்திரத்துக்குத் தெரியும். எண் இல்லாவிட்டால் இயந்திரத்துக்கும் தெரியாது, மனிதருக்கும் தெரியாது.

அவள் முகவரியையும் நேரத்தையும் கொடுத்துத் தேடினாள். திரை நிறையப் பெயர்கள் வந்தன. முதல் பெயர் லாய்ட். கீழே இறங்கிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். ராகேஷ், மந்தைவெளி. அவளுடைய கணவன். அவளுடைய வீடு.

முதலாளி தனபாலன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கேபிள் டிவியில் தொடங்கி இணையத்துக்கு வந்தவர். அவரிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு பேர மட்டும் எப்படிக் குடுத்தீங்க?"

"ஒரு பேருதானம்மா கேட்டாவ. மேல இருந்தத குடுத்தேன். அந்த ஆளு அதே ஸ்கூல்ல வேலை பார்த்தவனாமே? அப்ப சரியாத்தான இருக்கு."

"குடுக்கும்போது அது உங்களுக்குத் தெரியுமா?"

தனபாலன் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். "இப்பப் போயி தப்புன்னு எழுதிக் குடுத்தா லைசென்சுக்கே வினை வந்துரும். நீ பேசாம இரி" என்றார்.

ஷண்முகப்ரியா பேசாமல் இருக்கவில்லை. பிரிஸில்லாவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் உமர் ஃபாரூக் தூக்கமில்லாத கண்களோடு இருந்தார். ஷண்முகப்ரியா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"இந்த முகவரி ஒரு அபார்ட்மென்ட்டோட கேட் மாதிரிதான் சார். உள்ள எந்த வீடுன்னு சொல்றது போர்ட் நம்பர். உங்க லெட்டர்ல அது இல்ல. நாங்க அதைத் திருப்பிக் கேட்டிருக்கணும். கேக்கல."

"சரி, அப்ப மத்த பேரையும் குடுங்க. எல்லாரையும் விசாரிச்சிடலாம்."

"முறைப்படி கேளுங்க, குடுக்கறோம். அதுல எங்க வீடும் இருக்கு சார்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"என் வீட்டுக்காரர் பேர்ல. அவர் பேர் மேல வந்திருந்தா இன்னிக்கு உள்ள இருக்கறது அவர்தான்."

பிரிஸில்லா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். உமர் ஃபாரூக் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "இத கம்பெனி லெட்டர்ல எழுதி, சீல் போட்டுக் கொண்டாங்கம்மா. வாயால சொன்னா கோர்ட்டுல நிக்காது. மெயில் கம்பெனிக்கு அந்த நம்பர் கேட்டு நான் எழுதறேன்."

லாய்டை அதற்குள் புழல் சிறைக்கு அனுப்பியிருந்தார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பி ஷண்முகப்ரியா கடிதத்தைத் தட்டச்சு செய்து தனபாலன் முன்னால் வைத்தாள். "நான் ஏற்கெனவே போய்ச் சொல்லிட்டேன் அண்ணாச்சி. நீங்க கையெழுத்து போடலைன்னாலும் சொன்னது சொன்னதுதான்."

அவர் கத்தினார். வேலையை விட்டுப் போகச் சொன்னார். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கியபோது, படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தாள் பிரிஸில்லா. பின்னாலேயே வந்த தனபாலன் அவளைப் பார்த்துவிட்டார். யாரென்று கேட்டார். ஷண்முகப்ரியா சொன்னாள். அவர் திரும்ப மேலே போய், கையெழுத்திட்டு முத்திரை வைத்த கடிதத்தை அவரே கொண்டுவந்து பிரிஸில்லாவின் கையில் கொடுத்தார். "மன்னிச்சிருங்கம்மா" என்றார். பிரிஸில்லா கடிதத்தை வாங்கிக்கொண்டாள். அதைப் பையில் வைத்துக்கொண்டு நேராகப் படியிறங்கினாள். "நீ மேல வந்து வேலையப் பாரு" என்றார் அவர் ஷண்முகப்ரியாவிடம்.

மின்னஞ்சல் நிறுவனத்திலிருந்து சில வாரம் கழித்துப் பதில் வந்தது. போர்ட் எண்ணை அவர்கள் சேமித்துவைப்பதில்லை. மற்ற வீடுகளிலும் விசாரித்தார்கள், ராகேஷையும் ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். யாரிடமும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஜாமீனில் வந்திருந்த லாய்டின் பெயரைக் கடைசியில் வழக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் லாய்ட் தி.நகர் அலுவலகத்துக்கு வந்தான். ஷண்முகப்ரியா அதுவரை அவனைப் பார்த்ததில்லை. சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது.

"அனுப்புனது யாருன்னு எப்பவாவது தெரியவருமா?"

"வராது சார். அந்த நம்பர் எங்கயுமே இல்ல."

"அப்ப நான் இல்லைன்னும் யாராலயும் சொல்ல முடியாது. ஸ்கூல்ல என்னைத் திரும்ப எடுக்க யோசிக்கறாங்க."

அவள் தலை குனிந்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "முடியாது சார். அறுபது வீட்டுல ஒண்ணுன்னுதான் சொல்ல முடியும். உங்க ஸ்கூலுக்கு வந்து அதையாவது நான் சொல்றேன்."

சொன்னபடியே மயிலாப்பூர் பள்ளிக்குப் போய், முதல்வரிடமும் கவலையோடு வந்திருந்த பெற்றோர்களிடமும் எல்லாவற்றையும் விளக்கினாள். தன் வீடும் அந்த அறுபதில் ஒன்று என்பதையும் மறைக்கவில்லை. சிலர் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு பேர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது லாய்டை மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் பிரிஸில்லாவும் கூடவே வந்தாள். அவன் கேட்டைத் தாண்டி உள்ளே நடந்தான். வழியில் நின்றிருந்த பிள்ளைகள் ஒரு கணம் தயங்கிவிட்டு, பழக்கப்படி வணக்கம் சொன்னார்கள். அவன் தலையசைத்துவிட்டுப் போனான். காலை வழிபாடு முடிந்து வகுப்புகள் தொடங்கும்வரை அவள் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.