பேராசிரியர் பெயர் தாங்கிய தவளை

இளங்கதிர் எழுந்து பல்கலைக்கழக மாடங்களைப் பொன்னீரால் மெழுகி, மரவரிசைகளின் நிழலை நடைவழி நெடுகச் சாய்த்து, உயிரியல் துறையின் முகப்பில் துலங்கிய ‘அருகிவரும் உயிர்களைக் காப்போம்’ என்னும் எழுத்துகளையும், அவற்றினும் சற்றே பெரிதாய்க் கீழே பொறிக்கப்பட்டிருந்த துறைத்தலைவரின் பெயரையும் ஒருங்கே ஒளிபெறச் செய்த வேளையில், அறிவுசால் அன்பரே, அக்கட்டடத்தின் கடைக்கோடி அறையில் ஆய்வு மாணவி ஒருத்தி கண்ணாடிப் பேழையொன்றின் முன் கைபிசைந்து நின்றாள்.

பேழைக்குள் கட்டைவிரல் அளவேயான இரு தவளைகள். மூன்று மழைக்காலம் அட்டைகளுக்குக் குருதி ஈந்து, ஓடை ஓடையாய் அலைந்து அவள் கண்டெடுத்த ஆணும் பெண்ணும். உலகம் அதுவரை அறியாத இனம். பெண்ணின் மெல்லிய வயிற்றுத் தோலினூடே முட்டைகள் முத்துக்கோவைபோல் தெரிந்தன. ஆயினும் புதிய இனமொன்றுக்குப் பெயர் சூட்ட, அதன் உடலொன்றைப் பதப்படுத்திச் சான்றாய் வைத்தல் அத்துறையோர் மரபு. தம் பெயரைத் தாமே சூட்டிக்கொள்ளுதல் முறையன்று என்பதால், மாணவி தானே விரும்பி அதைச் சூட்டுவாள் என்று துறைத்தலைவரே முடிவு செய்திருந்தார். அன்று காலை அறைக்கு வந்தவர், பதப்படுத்தப் பெண்தவளையைச் சுட்டினார்.

“ஒரு வாரம் பொறுக்கலாமே ஐயா. முட்டை போட்டுடட்டும். இல்லேன்னா ஆணை எடுத்துக்கலாம்.”

“ஒரு வாரத்துல அடுத்த பல்கலைக்கழகத்துக்காரன் முந்திக்குவான்மா. ஆணா? அது நறுங்கிப்போய்க் கிடக்கு. என் பேருக்கு அதையா வைக்கிறது? மழை வந்தா இன்னும் பத்து பிடிச்சுக்கலாம், போ.”

அவர் அகன்றதும், குடுவை கழுவிக்கொண்டிருந்த ஆய்வக அக்கா வாய் திறந்தார். “வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது, இதைப் போயா? பேரு நெலைக்கணும்னா ஏதாவது பெஞ்சுல கிறுக்கி வைக்கச் சொல்லு பாப்பா, உங்க ஐயாவை.”

மாணவி சிரித்தாள். சிரித்த வாய் மூடுமுன், பட்டத்துக்கான ஆய்வேட்டில் துறைத்தலைவரின் கையொப்பம் இன்னும் இடப்படாதது நினைவில் தைத்தது. மயக்கும் நீர்மத்தைக் குப்பியில் ஊற்றியதும், துடிப்பு அடங்கும்வரை மூடியை அழுத்திப் பிடித்ததும் அவள் கைகளே.

மழை வந்தது, தவளை வரவில்லை. அடுத்த ஆண்டும் முழங்கால் நீரில் நின்று விளக்கொளியில் பாசி படிந்த கற்களையெல்லாம் புரட்டினாள், ஒன்றுமில்லை. பேழையில் எஞ்சிய ஆண் மட்டும், மாலைதோறும் தொண்டை புடைக்கத் தன் துணையை அழைத்து அழைத்து ஓய்ந்தது.

பட்டமளிப்பு நாளன்று, குப்பியிலிருந்த பெண்தவளையின் படத்தைச் சுவரளவு விரித்து, உயிர்க்காப்பைப் பற்றித் துறைத்தலைவர் ஒன்றரை மணி நேரம் முழங்கினார். அவையில் ஒருவர் எழுந்து, “இப்ப எத்தனை உயிரோட இருக்குங்க ஐயா?” என்றார்.

“நீயே சொல்லும்மா.”

“ஒண்ணு ஐயா. ஆண்.”

“பாத்தீங்களா? இன்னமும் இருக்கு!” என்றார் அவர், பூரித்து.

அவை கைதட்டிற்று. அவள் கைகள் மட்டும் மடியிலேயே கிடந்தன. ‘பொறுங்கள்’ என்னும் சொல்லை இன்னொரு முறை சொல்லியிருக்கலாம் என்ற எண்ணம், அன்று பெற்ற பட்டத்தினும் நெடுங்காலம் அவளோடு வாழ்ந்தது.