கிழக்கு போஸ்ட்

கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்கி மண்ணில் ஊன்றிவிட்டு, எங்கே தோண்டுவது என்று மாரிசாமி மறுபடியும் கேட்டார். பிரேம்குமார் இடுகாட்டின் கிழக்குப் பக்கத்தை, விலை தெரியாத சரக்கைப் பார்ப்பவன்போல ஏற இறங்கப் பார்த்தான். ஒரு மேடில்லை, ஒரு கல்லில்லை. தோசைக்கல் மாதிரி சமமான செம்மண். கோடியில் கோல் போஸ்ட் நின்ற இடத்தில் இரண்டு இரும்புக் குழாய்களின் அடிக்கட்டைகள் துருப்பிடித்துக் கிடந்தன. மேலே இருந்ததை எவனோ அறுத்துக் காயலான் கடையில் போட்டுவிட்டான்.

வீட்டில் அண்ணன் கங்கப்பனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நேற்றுக் காலை ஷிப்டில் லேத்து மிஷினை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. அம்மா சாந்தம்மா அழுகைக்கு நடுவில் தெளிவாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"உங்கப்பன் பக்கத்துலயே படுக்க வைய்யி சாமி. வேற எங்கயும் வேணாம். அவனுக்குத் தனியா இருக்க ஆவாது."

அந்த ஊரில் பெண்கள் இடுகாட்டுக்குள் வருவதில்லை. அதனால் புருஷனின் கல் இன்னும் வெள்ளையடித்து நிற்கிறது என்றே அவள் நம்பியிருந்தாள். வருஷா வருஷம் மகாளய அமாவாசைக்குக் கங்கப்பன் சுண்ணாம்பு வாளியோடு கிளம்புவதைக் கண்ணால் பார்த்தவள். ஆட்டம் நடந்த வருஷங்களில் அந்தச் சுண்ணாம்பு இங்கே இருந்த கால்பந்து மைதானத்துக்குக் கோடு போடத்தான் செலவானது என்று அவளிடம் யார் சொல்வது? அப்பா போனபோது பிரேம்குமார் கைக்குழந்தை. இடம் தெரிந்தவன் அண்ணன் ஒருவன்தான்.

ஓசூர் பார்டர் கிளப் இரண்டாயிரத்து நாலில் பிறந்து ஆறிலேயே மூச்சை விட்டது. தெற்கத்திப் பையன்கள், உள்ளூர்ப் பையன்கள், எல்லாரும் கம்பெனி ஆட்கள். ஆட இடமில்லை. பாதி இடுகாடு சும்மாதானே கிடக்கிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் பேசி இடத்தை வாங்கிக் கொடுத்தவன் கங்கப்பன். சமன் செய்ய ஜேசிபி வந்த அன்றைக்கு அவனுக்கு ஷிப்ட். கூட நின்ற பாஸ்கரன் திருநெல்வேலிக்காரர், கிளப்பின் செயலாளர். பேர் எழுதாத வெறும் கல் நட்ட புதைகுழியை அவர் ஊரில் பார்த்ததில்லை. வயற்காட்டு எல்லைக்கல் என்று நினைத்து எல்லாவற்றையும் பிடுங்கி ஓரமாகக் குவித்துவிட்டார். அந்த வரிசைக்கு உரியவர்கள் நிலத்தைப் பேக்டரிக்கு விற்றுவிட்டு எப்போதோ போய்விட்டார்கள். மிச்சமிருந்த மூத்த வாரிசு கங்கப்பன். பெரியவர்களின் முணுமுணுப்பு ஓர் ஆட்டுக்கிடாயிலும் மேட்ச் பார்க்க முன்வரிசை நாற்காலியிலும் அடங்கிப்போனது. கங்கப்பன் முணுமுணுக்கக்கூட இல்லை. கீப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு போய் நின்றான்.

முதல் பாதியில் மேற்கு போஸ்டில் அவன் புலி. கிழக்குக்கு மாறிவிட்டால் பூனை. வலப்பக்கம் வரும் பந்துக்குப் பாய்வான். இடப்பக்கம் வந்தால் மரமாக நிற்பான். அதோடு அங்கே நிற்கும்போது தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டும் இருப்பான். எல்லைக்கு அந்தப்பக்கமிருந்து ஆட வந்த ஒருவன் ரெப்ரியிடமே போய், "அல்லி யாரோ இத்தாரே" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அதற்குமேல் அந்தக் கோல் பக்கம் போகவே இல்லை. அங்கே யாரோ இருக்கிறார்களாம். நம் பையன்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கடைசி இறுதியாட்டத்தில் பந்து இடப்பக்கமாக, கன்றுக்குட்டி நடப்பதுபோல உருண்டு உள்ளே போனது. கங்கப்பன் அசையவில்லை. அதோடு கிளப் முடிந்தது.

அன்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவனிடம், "ஆட்டத்த வித்துட்டியாண்ணா?" என்று பிரேம்குமார் கேட்டான். அண்ணன் கையுறையைத் தட்டி மண்ணை உதிர்த்தான். அதற்குப்பின் இருவரும் ஒரே வீட்டில், சாம்பார் வேண்டுமா என்பதைக்கூட அம்மா மூலமாகவே கேட்டுக்கொண்டார்கள்.

பாஸ்கரன் மாலையோடு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"எனக்கு எப்படிடே தெரியும்? அவன் ஒரு வார்த்த சொல்லலியே. 'கல்ல எங்க வச்சிய'ன்னு மட்டும் கேட்டான். காட்டுனேன். நல்லா இருக்குன்னுட்டுப் போயிட்டான்."

"வேற ஒண்ணும் சொல்லலீங்களா?"

"இல்ல. போஸ்ட் நடும்போதுதான் இங்க இடப்பக்கத்துக் கம்பத்த ஒரு முழம் தள்ளி நடுங்கன்னான். அளவு தப்பும்னு நான் கேக்கல." சற்று யோசித்து, பந்தாட்டக்காரனின் எரிச்சல் இன்னும் தணியாத குரலில் சொன்னார்: "மேக்க எந்தப் பக்கமும் விழுவான். இங்க மட்டும் ஒரு பக்கம் விழமாட்டான். கால்கூட வைக்கமாட்டான் தெரியுமா? சுத்திக்கிட்டுத்தான் போவான்."

தைலமரத்துக் காற்று நின்றது. பிரேம்குமார் நடந்துபோய் இரண்டு கட்டைகளுக்கும் நடுவில், மைதானத்தைப் பார்த்து நின்றான். அண்ணன் நிற்கும் அதே இடம். முழங்காலைச் சற்று மடக்கி, இடக்கையை மெதுவாக நீட்டினான். பாய்ந்தால் உடம்பு எங்கே விழும் என்று பார்த்தான். அங்கே வெறும் மண்தான் இருந்தது. ஆனாலும் பக்கத்தில் யாரோ படுத்திருப்பதுபோலக் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"மாரிசாமிண்ணா, இங்க ஒரு தட்டு தட்டிப் பாருங்க. மெல்லமா."

மாரிசாமி கடப்பாரையைக் குத்தவில்லை. நுனியை வைத்து அழுத்தினார். மண் இணங்கி உள்வாங்கியது. ஓர் அடி தள்ளி அழுத்தினார். அங்கே கடப்பாரை நின்றது. குனிந்து ஒரு பிடி மண்ணை விரலில் நெருடினார்.

"இது மின்னயே தோண்டி மூடுன மண்ணு. பழசு. ஆளு இருக்குது."

"அப்ப இப்பிடிப் பக்கத்துல எடுங்க" என்றான் பிரேம்குமார். "அண்ணன் நின்ன பக்கம்."

மாரிசாமி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு தோண்ட ஆரம்பித்தார். பாஸ்கரன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டே ஷூவைக் கழற்றினார்.

வெயில் சாயும் நேரத்துக்குப் பறைச்சத்தம் கேட்டது. பழைய டீம் ஆட்கள்தான் பாடையைச் சுமந்து வந்தார்கள். ஆடிய காலத்துப் பழக்கம், குறுக்கு வழியில் மைதானத்தைப் பிளந்துகொண்டு நேராகக் கோலுக்கு வந்தார்கள். வந்த வழியில், குழியை ஒட்டி, அப்பாவின் அந்த உள்வாங்கும் மண்தான் இருந்தது. பிரேம்குமார் கையைத் தூக்கினான். பிறகு வலப்புறமாக வீசிக் காட்டினான்.

பறை நிற்கவில்லை. பாடை மட்டும் ஒரு கணம் நின்று, திரும்பி, சுற்றிக்கொண்டு வந்தது.