குத்தாலிங்கம் விட்ட புகை

சுருட்டை விட்ட மூன்றாம் நாள் காலையிலிருந்து குத்தாலிங்கத்தின் வாயில் புகை வரத் தொடங்கியது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது, ஐப்பசி மாதம். குத்துக்கல்வலசையில் அவருக்கு ஓர் ஓட்டு வீடும் அதையொட்டி வண்டிக் கொட்டகையும் இருந்தன. சீசன் மாதங்களில் தென்காசி ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்குகிறவர்களை வில்வண்டியில் ஏற்றிக் குற்றாலத்தில் கொண்டுபோய் விடுவார். மனைவி ஆவுடைத்தாய் புரட்டாசியில் இறந்துபோனாள். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, கொட்டகையில் உட்கார்ந்து ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். முகம் சுளிக்க வீட்டுக்குள் ஆள் இல்லை. சுருட்டில் ருசியும் இல்லை. பாதியில் எறிந்துவிட்டார். இரண்டு நாள் கை சுருட்டைத் தேடியது. தூக்கத்தில்கூட விரல்கள் மடியைத் தடவின. மூன்றாம் நாள் புகை வந்தது.

வழக்கமாக அவர் சுருட்டுக் குடிக்கிற வேளைகளில்தான் வந்தது: விடியற்காலம், மத்தியானம், மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய பிறகு சாயங்காலம். ஒரு சுருட்டுக்கு எவ்வளவோ அவ்வளவு வந்து நின்றுவிடும். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, அருவியில் குளிக்கச் சொன்னார். ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நின்றார். தண்ணீருக்குள்ளிருந்தும் புகை வந்தது. ஊர் ஒரு மாதம் வேடிக்கை பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

அடுத்த வருஷம் ஆடியில் ஒருநாள், கொட்டகையில் நின்ற மாடு அவருடைய புகையை மோந்து தலையை உலுக்கிக் கத்தியது. அதன் ஜோடியாக இருந்து செத்துப்போன செவலைக்காளையின் வாடை அந்தப் புகையில் இருந்தது. அப்போதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. உள்ளே போன புகையெல்லாம் கடைசியில் போனது முதலாக, ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கி வெளியே வருகிறது. விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும், காத்திருப்பது என்று முடிவு செய்தார்.

அவருக்கும் ஆவுடைத்தாய்க்கும் முன்பு உலகம்மை என்று ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அந்தக் காலத்தில் அவர் வீட்டுக்குள்ளேயே, தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் குடிப்பார். “வெளிய போய்க் குடிங்களேன், பிள்ள இருமுதா” என்பாள் ஆவுடைத்தாய். அவர் முகத்தை மட்டும் வாசல் பக்கம் திருப்பி ஊதுவார். பிள்ளைக்கு இரண்டரை வயதாகும்போது ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் வந்தது. தெருவுக்கு நாலு பேர் போனார்கள். உலகம்மையும் போனாள். காய்ச்சல் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆவுடைத்தாய் தன் பாயை அடுக்களைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் சுருட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். பன்னிரண்டு வருஷம் அப்படியே கழிந்தது.

ஆகவே பன்னிரண்டு வருஷப் புகையில் வைக்கோலும் சாணியும் மழையில் நனைந்த சாக்கும்தான் இருந்தன. ஆவுடைத்தாயின் வாசனை ஒரு சுருட்டில்கூட இல்லை. ஒருவருக்கு மட்டும் உலை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, அதை அவர் ஊதிக் கழித்தார்.

ஒரு சீசனில் சிவகிரியிலிருந்து வந்த குமாஸ்தா ஒருவர் வண்டியில் இருந்தபடியே சுருட்டை நீட்டினார். “பத்தவையும்வே. திண்டுக்கல் சரக்கு.”

குத்தாலிங்கத்தின் நாக்கில் எச்சில் ஊறியது. கைகூட நீண்டுவிட்டது. “வேண்டாம்யா. இதக் குடிச்சா மொதல்ல இதுல்லா வெளிய வரணும்” என்றார்.

“ஒண்ணே ஒண்ணுதானவே.”

“ஒண்ணுன்னாலும் அந்த அளவுக்குப் பிந்திரும்.”

குமாஸ்தாவுக்கு விளங்கவில்லை. குத்தாலிங்கம் மாடுகளைத் தட்டிவிட்டார்.

யுத்தம் வந்தது. பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடுகிற பஸ் வந்து வண்டிச் சவாரி குறைந்தது. நாற்பத்திரண்டு ஐப்பசியில் ஒரு விடியற்காலம், புகையில் வைக்கோல் இல்லை. கஷாயமும் ஈரத்துணியும் ஊதுவத்தியும் இருந்தன. பிள்ளை போன அந்த நாளை அவர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஊதி முடித்தார். அடுத்த சில நாட்கள் காய்ச்சல் நாற்றம். அதையும் தாண்டியதும் பிள்ளையின் தலையிலிருந்து விளக்கெண்ணெய், வாயிலிருந்து கருப்பட்டி, பின்னால் மஞ்சளும் பிச்சிப்பூவுமாக ஆவுடைத்தாய். அவர் கொட்டகைக்குப் போவதை நிறுத்தினார். கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு உள்ளேயே இருந்தார். அன்றைக்குக் குடிக்காமல் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். குடிக்காமல் இருந்திருந்தால் இந்த வாசனை மிஞ்சியிருக்காது என்பதும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். பிள்ளை மாதாமாதம் சிறுத்துக்கொண்டே வந்தாள். கருப்பட்டி போய்ப் பால்வாடை வந்தது. பிறகு வசம்பும் சாம்பிராணியும்.

நாற்பத்தைந்து பங்குனியில், அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பேராச்சி, தீப்பெட்டி கிடைக்காமல் சிரட்டையில் கங்கு வாங்கிப்போக வந்தாள். கதவைத் திறந்தவள் நிலைப்படியிலேயே நின்றாள்.

“அண்ணாச்சி, உள்ள பச்சப்பிள்ள இருக்கா? பால்வாட வருது.”

அந்த வீட்டில் பிள்ளையைப் பற்றி ஒருவர் கேட்டு இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

“இருக்கு தாயி. இன்னுங் கொஞ்ச நாளைக்கு இருக்கும்.”

“பொம்பளப்பிள்ளையா?”

“ஆமா. ஒறங்குதா.”

பேராச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அடுப்பிலிருந்து கங்கை அள்ளிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். வாசலில் அம்மி கொத்துகிறவன் அப்போதுதான் உட்கார்ந்து உளியை எடுத்திருந்தான். பிள்ளை உறங்குவதாகச் சொல்லி, அங்கன தள்ளிப் போய்க் கொத்தும்படி சொன்னாள். அவன் அம்மியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட்டான்.