இன்னும் பத்து நிமிஷம்

சிக்னலில் பச்சை விழுந்து, பின்னால் நின்ற லாரி இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகுதான் தம்பி வண்டியை நகர்த்தினான். அவன் கண்கள் திறந்தேதான் இருந்தன. பக்கத்து சீட்டிலிருந்த அக்கா திரும்பி அவன் முகத்தையே பார்த்தாள்.

வண்டி சலவைக்கூடத்துடையது. ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுத்து, தேய்த்து, மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. அவன் ஓட்டுவான். அவள் எண்ணிக் கொடுப்பாள்.

"உன் மேனேஜருங்க ரெண்டு பேரும் நேத்தும் விடலையா?" என்றாள். வீட்டில் ஆறு வாரத்து இரட்டைக் குழந்தைகள்.

"ஷிப்ட் போட்டுல்ல அழறாங்க. இவன் முடிச்சா அவ ஆரம்பிக்கிறா. இவங்கம்மா உட்கார்ந்தபடியே தூங்கி விழறா, பாவம். அதான் நான் தூக்கிட்டு நடந்தேன்."

"நீ எப்பதான் படுத்தே?"

"படுத்தேனே." கொஞ்சம் யோசித்தான். "முந்தாநேத்து. மொத்தம் எத்தனை மூட்டைக்கா?"

மூன்றாவது தடவை கேட்கிறான். "பதினாலு" என்று மூன்றாவது தடவையும் சொன்னாள்.

ஊரைத் தாண்டியதும் சாலை நேராக நீண்டது. மதிய வெயில் கண்ணாடி வழியே மடியில் கொட்டியது. அவள் வாய் ஓயாமல் பேசினாள். வீட்டுக்காரரின் முதுகுவலி, பக்கத்து வீட்டுச் சண்டை, முதலாளியின் புதுச் செருப்பு. எல்லாவற்றுக்கும் அவன் "ம்" கொட்டினான். சரியான இடத்தில், சரியான இடைவெளியில்.

அவளுக்கு ஏதோ தட்டியது. அதே குரலில் சொன்னாள்:

"நம்ம சித்தி வீட்டு யானை குட்டி போட்டிருக்காம்."

"ம்."

"ரெண்டு குட்டி."

"ம்."

இடப்பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கியது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். வண்டி குலுங்கி மறுபடி தாரில் ஏறியது.

"என்னக்கா, என்னாச்சு?" என்றான் அவன், அவள்தான் ஏதோ செய்துவிட்டதைப் போல.

பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிறுத்தச் சொல்லிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். "அரை மணி தூங்கு. நான் எழுப்பறேன்."

"அக்கா, லேட்டானா..."

"நான் பாத்துக்கறேன்டா."

சொல்லி முடிப்பதற்குள் அவன் தலை கதவில் சாய்ந்துவிட்டது. சின்ன வயதில் தூங்கியதைப் போலவே வாயைத் திறந்து வைத்திருந்தான்.

ஏழாவது நிமிடம் போன் அடித்தது. ஆபரேஷன் தியேட்டருக்கு விரிப்பு இல்லை, எங்கே இருக்கிறீர்கள், இதோடு எத்தனை தடவை, முதலாளிக்குச் சொல்லட்டுமா என்றது ஒரு குரல். "இதோ வந்துட்டோம் சார்" என்றாள் அக்கா. தம்பியின் தோளைத் தொட்டாள். அசைவில்லை. பிடித்து உலுக்கினாள்.

"இன்னும் பத்து நிமிஷம்க்கா."

"எந்திரிடா. நேரமாச்சு."

அவன் எழுந்து குழாயில் முகம் கழுவினான். ஆஸ்பத்திரி வரைக்கும் நன்றாகத்தான் ஓட்டினான். எண்ணிக் கொடுக்க அவள் இறங்கிக்கொண்டாள். மிச்சம் இரண்டு மூட்டை, பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கிளினிக்குக்கு. "போட்டுட்டு வந்திடறேன். பளிச்சுன்னு இருக்கேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வண்டி பாலத்துச் சுவரில் மோதியிருந்தது. பிரேக் பிடித்த தடமே இல்லை என்றார் போலீஸ்காரர்.

மறுநாள் காலை அவனை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அக்காவின் கையைப் பிடித்து, "நீயாவது தப்பிச்சியே" என்றார்கள். தம்பி மனைவி அழுது ஓய்ந்தபின் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வழியில கொஞ்சமாவது தூங்கினாரா அண்ணி?"

"தூங்கினான்."

"எவ்வளவு நேரம்?"

"நல்லா தூங்கினான்மா."

அவள் தலையாட்டினாள். அது போதும் என்பதைப் போல இருந்தது. பிறகு சுவரில் சாய்ந்தவள் சாய்ந்தபடியே உறங்கிப்போனாள். எத்தனை நாள் தூக்கமோ, மூச்சு கனமாக ஏறி இறங்கியது.

வெளியே வண்டி வந்து நின்றது. பெரியப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "தூக்கப் போறோம். கடைசியா ஒரு தடவை பாக்கட்டும். எழுப்பும்மா அவள."

அக்கா குனிந்தாள். அவள் கை அந்தத் தோள் வரை போய் நின்றது.

"என்னம்மா? நேரமாச்சு."

உள்ளறையில் குழந்தைகளில் ஒன்று சிணுங்க ஆரம்பித்தது. அக்கா கையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். சிணுங்கல் அழுகையாவதற்குள் அதை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, பின்கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, துணிக்கொடிக்கும் மதிலுக்கும் நடுவே நடக்கத் தொடங்கினாள்.