பழனிச்சாமியின் கோவேறு கழுதைகள்

துபாயில் கப்பல் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருந்த முத்துராமனுக்குத் தன் தாத்தாவைப் பற்றிப் பேசுவதென்றால் தனி உற்சாகம். லெப்டினன்ட் சீருடையில் அவருடைய படம் திருச்சி வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. 2006இல் துபாயின் சத்வா பகுதியில் சில இந்தியர்கள் சேர்ந்து ‘போர்முனை வாரிசுகள் சங்கம்’ என்று ஒன்றைத் தொடங்கியதும் உடனே விண்ணப்பித்தான். உலகப் போரில், சண்டை நடந்த இடத்தில் பணிபுரிந்தவரின் நேர் வாரிசாக இருக்க வேண்டும் என்பது விதி.

சங்கச் செயலாளர் ஸ்ரீனிவாசன் சில நாள் கழித்து அழைத்தார். “சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க குடுத்த பேப்பர்படி உங்க தாத்தா பட்டாளத்துல சேர்ந்ததே நாப்பத்தாறுல. சண்டை அதுக்கு முந்தின வருஷமே முடிஞ்சுபோச்சு.”

முத்துராமன் திருச்சிக்குப் போன் போட்டான்.

“ஆமாடா, பெங்களூர்ல ஸ்டோர்ஸ் பாத்துக்கிட்டிருந்தார்” என்றார் அப்பா. “சண்டைக்குப் போனார்னு நான் எப்ப சொன்னேன்? நீயா நினைச்சுக்கிட்டே.”

அவன் முகத்தைப் பார்த்து மனைவி ராதாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். “எங்கம்மாவோட அப்பா பர்மாவுக்குப் போனவர்தானே? அவரை வச்சு நான் சேர முடியுமான்னு கேளுங்களேன்.”

“அவர் கழுதை மேய்ச்சவராச்சே!”

“கோவேறு கழுதை. மேய்க்கலை, பட்டாளத்துல ஓட்டினார்.”

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைக் கேலி செய்வதற்கென்றே வைத்திருந்த விஷயம் அது. இருந்தாலும் மறுநாள் அவனே ஸ்ரீனிவாசனிடம் கேட்டான்.

“துப்பாக்கி பிடிச்சவர், சோறாக்கினவர், கழுதை ஓட்டினவர், எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான் சார்” என்றார் அவர். “பர்மாவுல இருந்ததுக்கு ஆதாரம் வேணும், அவ்வளவுதான்.”

அடுத்த மாதம் ராதாவின் அம்மா மாரியம்மாள் விசிட் விசாவில் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்தாள். முறுக்கு டப்பாவுக்குள் துணியில் சுற்றி இரண்டு பதக்கங்களைக் கொண்டுவந்திருந்தாள். நட்சத்திர வடிவில் இருந்தது பர்மாவுக்கானது. பின்புறம் அவள் அப்பா பழனிச்சாமியின் பெயர் வெட்டியிருந்தது. வட்டமான இன்னொன்று கிட்டத்தட்ட வழுவழுவென்று தேய்ந்துபோயிருந்தது.

“இது என்ன அத்தை, இப்படி ஆயிருச்சு?” என்றான் முத்துராமன்.

“சின்னப்புள்ளையில அதை வச்சுத்தான் பாண்டி ஆடுவோம் மாப்ள. ஓட்டுச்சில்லு வழுக்கிக்கிட்டு ஓடும். இது போட்ட எடத்துல நிக்கும்.”

வெள்ளிக்கிழமை மதியம் சத்வாவில் ஓர் உணவகத்தின் மாடியில் சங்கம் கூடியது. பதக்கங்களைப் பார்த்துவிட்டு ஸ்ரீனிவாசன் எழுந்து நின்று மாரியம்மாளைக் கும்பிட்டார். “பேத்தி வருவாங்கன்னு பார்த்தோம். மகளே வந்திருக்காங்க. இங்க எல்லாரும் பேரன் பேத்திகள்தாம்மா. நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்.”

மாரியம்மாள் மைக்கைத் தொடவில்லை. உட்கார்ந்தபடியே பேசினாள்.

“எங்கப்பா சண்டையைப் பத்தி ஒண்ணும் சொன்னதில்லைங்க. கழுதைங்களைப் பத்தித்தான் சொல்லுவாரு. ராத்திரியில மலைமேல சாமான் ஏத்திக்கிட்டுப் போவாங்களாம். கத்துனா எதிரிக்குக் கேட்டுரும்னு அதுங்களுக்கெல்லாம் குரலை அறுத்துவிட்டிருந்தாங்களாம். வாயைத் தொறக்குமாம், சத்தம் வராதாம். எங்க ஊர்ல சலவைக்காரர் கழுதை ஒண்ணு இருந்துச்சு. அது கத்துனா எல்லாரும் கல்லெடுப்பாங்க. எங்கப்பா மட்டும் செய்யுற வேலையை அப்படியே விட்டுட்டு நின்னு கேப்பாரு. முகமெல்லாம் சிரிப்பா இருக்கும். எங்களுக்கு வெக்கமா இருக்கும். இந்த மனுசன் ஏன் இப்படின்னு.”



“அந்தக் கழுதைங்க திரும்பி வந்துச்சாம்மா?” என்று சங்கத்தில் இருந்த காயல்பட்டினத்து ஜுலைஹா பீவி மெதுவாகக் கேட்டாள்.

“இல்லம்மா. அங்கேயே விட்டுட்டு வந்துட்டாங்க. அதைக் கேட்டா எந்திரிச்சு வெளிய போயிருவாரு.”

முத்துராமன் தலை குனிந்திருந்தான். ராதா அவன் பக்கம் திரும்பவே இல்லை. அதுவே அவனுக்கு உறைத்தது. பிறகு ஜுலைஹா பீவி எழுந்து வந்து மாரியம்மாளின் இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்ற, பேச்சும் சிரிப்பும் மறுபடி கிளம்பின.

அன்றே அம்மாவும் மகளும் உறுப்பினர் ஆனார்கள். முத்துராமனை வாழ்க்கைத்துணை என்ற வகையில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு வாக்குரிமை கிடையாது. தயங்கித் தயங்கி அதைச் சொன்ன ஸ்ரீனிவாசனிடம், “பரவாயில்லை சார், வீட்லயும் அப்படித்தான்” என்றான். ராதா அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

குளிர்காலத்தில் சங்கத்தார் புஜைரா கடற்கரைக்குப் போனார்கள். பிரியாணி அண்டாவை முத்துராமனும் ஸ்ரீனிவாசனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மணலில் தூக்கி வந்தார்கள். வழியில் புது உறுப்பினர் ஒருவர், “உங்க குடும்பத்துல யார் சார் போனது?” என்று அவனைக் கேட்டார்.

முத்துராமன் அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, பர்மா மலையிலிருந்து ஆரம்பித்தான்.