யார் கட்டிய கயிறு

"ஃபெயிலுக்கா" என்றான் புகை பரிசோதனை செய்கிறவன், தஸ்லிமாவே பரீட்சை எழுதிக் கோட்டை விட்டுவிட்டதைப் போல.

ஸ்ரீரங்கத்திலிருந்து திருவானைக்காவல் போகிற ரோட்டில், பெட்ரோல் பங்கை ஒட்டிய தகரக் கொட்டகை அது. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, சைலன்சருக்குள் செருகுகிற நீளமான குழாய் ஒன்று. கார்பன் மோனாக்சைடு இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எங்கேயோ போய் நிற்பதைத் திரையில் காட்டினான். காட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்கக்கா. அந்தாண்ட என் மாமா வண்டி நிக்குது, புத்தம் புதுசு. ட்யூப்ப அதுல சொருகிட்டு, போட்டோ மட்டும் உங்க நம்பர் பிளேட்ட எடுத்துக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை."

"அப்ப சர்டிபிகேட் உங்க மாமா வண்டிக்கா, என் வண்டிக்கா?"

"உங்க வண்டி நம்பர்லதான் வரும்."

"சரி. என் வண்டி விடுற புகை யார் நம்பர்ல போகும்?"

தஸ்லிமா வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் ஒன்றும் பெரிய யோக்கியத்தனத்துக்காக அப்படிச் செய்யவில்லை. அண்ணன் ஹாலிதைத் தோற்கடிப்பது என்று முடிவு செய்திருந்தாள். தோற்கடிப்பது வேறு, ஏமாற்றுவது வேறு. ஏமாற்றி ஜெயித்தால் அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்துச் சிரிக்க முடியாதே!

வண்டி ஹாலிதின் பேரில் இருந்த பழைய டாக்ஸி. அவன் குவைத்துக்குப் போனபோது ஆழ்வார்தோப்பு வீட்டு வாசலில் அதைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனான். தார்ப்பாயை எடுத்தவள் தஸ்லிமா. ஓட்டக் கற்றுக்கொண்டதும், டயர் மாற்றியதும், தவணை கட்டி முடித்ததும் அவள்தான். நாலு வருஷமாக அந்த வண்டிதான் வீட்டுக்குச் சோறு போட்டது. இப்போது ஹாலித் ஊரோடு வந்து செல்போன் கடை வைத்துவிட்டான். வந்தவனுக்கு முதலில் கண்ணை உறுத்தியது தங்கை ஓட்டுகிற வண்டி.

"பதிமூணு வருஷ வண்டி, அதுக்கு மூச்சு முட்டிப்போச்சு. லால்குடியில ஒருத்தர் கேக்குறாரு, தள்ளிவிட்டுடலாம்" என்றான். "முப்பத்தாறு வயசாச்சு உனக்கு. டாக்ஸி ஓட்டுறவளுக்கு எந்த மாப்பிள்ளை வருவான்?"

"வர்றவர அட்ரஸ் அனுப்பச் சொல்லுங்கண்ணே. நானே போயி ஏத்திட்டு வரேன்."

பேச்சு முற்றிக் கடைசியில் ஒரு பந்தயத்தில் வந்து நின்றது. வண்டியை அவள் பேருக்கு மாற்ற வேண்டுமானால் புகை சர்டிபிகேட் வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குள் எடுத்துவிட்டால் ஹாலித் மாற்றிக் கொடுத்துவிடுவான். எடுக்க முடியாவிட்டால், தொழுகை முடிந்ததும் லால்குடிக்காரர் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போவார்.

அம்மா சாரா பீவி பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஹாலிதின் பேச்சைவிட அந்த மௌனம்தான் தஸ்லிமாவைச் சுட்டது. இந்த நாலு வருஷத்தில் அம்மா ஒரு நாள்கூட அந்த வண்டியில் ஏறியதில்லை. தர்காவுக்குப் போவதென்றால்கூட ஆட்டோ பிடித்துத்தான் போவாள்.

பாலக்கரையில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் அடைக்கலராஜ் பானெட்டைத் திறந்து பிளக்கைக் கழற்றினார். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. புது பிளக் போட்டார். ஏர் பில்டரை மாற்றினார். சைலன்சரில் இருந்த சென்சாரைக் கழற்றிச் சோதித்து, சரியாக இருக்கவே திரும்ப மாட்டினார். புதன்கிழமை மறுபடியும் திருவானைக்காவல் ரோட்டுக்குப் போனாள். மறுபடியும் ஃபெயில். அந்த ஆள் மாமா வண்டியைக் கண்ணால் காட்டினான். தஸ்லிமா அவனை முறைத்த முறைப்பில் மின்விசிறிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் போன் அடித்தது. ஓரம் கட்டி எடுத்தாள். ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதி மாமி. வாரத்தில் மூன்று நாள் அவள் வண்டியில் டயாலிசிஸுக்குத் தில்லைநகர் போகிறவர்.

"தஸ்லிமா, சனிக்கிழமை வருவியோன்னோ? வேற வண்டிக்காரா எல்லாம் வாசல்ல நின்னு ஹாரன்தான் அடிக்கறா. நீதான் உள்ள வந்து கையப் பிடிச்சு அழைச்சுண்டு போவே. பெருமாளே உன்னை அனுப்பியிருக்கார்னு நெனச்சுண்டிருக்கேன்."

"வருவேன் மாமி."

சொல்லிவிட்டாள். வருவது யார் கையில் இருக்கிறது என்பது அவளுக்கே தெரியவில்லை. இந்தப் புகையிடமா தோற்பது என்று ஆத்திரம் வந்து, நேரே பாலக்கரைக்கு விட்டாள்.

"இன்ஜின் தேஞ்சிருக்கும் தங்கச்சி" என்றார் அடைக்கலராஜ். "பிரிச்சுத்தான் பாக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள நடக்காது."

"தேஞ்சிருந்தா ஆயில் குடிக்கும்ல? ஒரு சொட்டுக் குறையல. நீலப் புகை வரணும், வரல. கறுப்பாத்தான் வருது. பெட்ரோல்தான் எக்கச்சக்கமா குடிக்குது. அதுக்கு அவ்வளவு ஊத்தச் சொல்றது யாருன்னு பாருங்கண்ணே."

அது நியாயமான கேள்விதான். அடைக்கலராஜ் ஸ்கேனரை மாட்டினார். பழுது என்று அது எதையும் சொல்லவில்லை. ஆனால் ஓடுகிற அளவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

"இங்க பாரு கூத்த. வண்டி சும்மா நிக்குது. இது என்னடான்னா மலைக்கோட்டை மேல ஏறிட்டிருக்கிற மாதிரி காட்டுது."

இன்ஜின் எவ்வளவு சிரமப்படுகிறது என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி பெட்ரோல் ஊற்றச் சொல்லுகிற சென்சார் ஒன்று உண்டு. அது பொய் சொல்லிக்கொண்டிருந்தது. வேறு சென்சார் மாட்டிப் பார்த்தார். அதுவும் அதே பொய்யைச் சொன்னது.

"ரெண்டு சாட்சியும் ஒரே பொய்யா சொல்லுதுன்னா, சொல்லிக் கொடுக்குறவன் வேற ஒருத்தன்" என்றாள் தஸ்லிமா. "இதுக்குச் சேதி எது வழியா வருது?"

இன்ஜினிலிருந்து சென்சாருக்குப் போகிற சுண்டுவிரல் பருமனான ரப்பர் குழாயை அவர் காட்டினார். "இதோ, இந்த ட்யூப். நல்லாத்தான் இருக்கு."

"கழட்டிப் பாத்தீங்களா?"

அடைக்கலராஜ் தயங்கினார். குழாயின் நடுவில் ஒரு கறுப்புக் கயிறு, நாலைந்து சுற்று, இறுக்கிக் கட்டியிருந்தது. "கயிறு இருக்கேம்மா. அதுல எப்படிக் கை வெக்கிறது?"

"நீங்க கட்டுன கயிறுதானே? அவுக்க வேண்டியதுதானே."

"நான் கட்டுனதா? நான் எங்க கட்டுனேன்? உங்க வீட்ல தர்காவுல மந்திரிச்சுக் கட்டுனதுன்னுல்ல நெனச்சிட்டிருக்கேன்! ஒவ்வொரு தடவையும் அதுல கை படாம ஒதுங்கி ஒதுங்கி வேலை பாக்குறேன்."

"நான் நீங்க வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வந்து கட்டுனதுன்னு நெனச்சேன். அவுத்தா உங்க மனசு நோகுமேன்னு விட்டுட்டேன்."

அடுத்தவர் சாமி விஷயத்தில் நமக்கென்ன என்று இரண்டு பேரும் பார்த்த மரியாதைதான் இத்தனை நாளும் வண்டியைப் புகைய வைத்திருக்கிறது. திருச்சிக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. டாஷ்போர்டு பிள்ளையாரைத் துடைக்கக்கூட உரிமையாளரைத்தான் கூப்பிடுவார்கள்.

தஸ்லிமா முக்காட்டில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தாள். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி முடிச்சை நெம்பினாள். அடைக்கலராஜ் எதற்கும் இருக்கட்டும் என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். நைலான் கயிறு, பிடிவாதமாக வந்தது. கயிறு இருந்த இடத்தில் ரப்பர் வெட்டுப்பட்டு வாயைப் பிளந்திருந்தது. அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போய்த்தான் சென்சாரைக் குழப்பியிருக்கிறது. நிற்கிற வண்டியை மலையேறுகிற வண்டி என்று நம்பி, இன்ஜினும் பெட்ரோலைக் கொட்டியிருக்கிறது.

புதுக் குழாய் மாட்டியதும் வண்டியின் சத்தமே மாறிவிட்டது. அடைக்கலராஜ் சைலன்சருக்குப் பின்னால் வெள்ளைத் துணியைப் பிடித்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. தஸ்லிமா கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டாள். வண்டியின் குறை தீர்ந்ததே தவிர, அவளுடைய கோபம் இப்போதுதான் ஆரம்பித்தது. இரண்டு பேரும் கட்டவில்லை என்றால் பின்னே கட்டியது யார்?

வீட்டுக்குள் நுழைந்ததும் கயிற்றை அம்மாவின் முன்னால் போட்டாள்.

"இது உன் வேலையாம்மா?"

சாரா பீவி கயிற்றைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வண்டி மூடியத் தெறந்து வெச்சிட்டு, அதுக்கு ஊத்தத் தண்ணி எடுக்க உள்ள வருவியே. அப்பக் கட்டுனேன். கைக்கு எட்டுனது அந்தக் குழாதான்."

"அண்ணன் சொல்லிக் கட்டுனியா? மாப்பிள்ளை வரணும்னு கட்டுனியா? வண்டி நின்னு போகணும்னு கட்டுனியா? உன் கயித்தாலதான் வண்டி புகைஞ்சுது தெரியுமா? வண்டி என் கையவிட்டுப் போக இருந்துச்சு!"

"அடிப்பாவி! நிக்கணும்னா ஏன்டி காசு கொடுத்து மந்திரிச்சுக் கட்டுறேன்?" சாரா பீவிக்கும் கோபம் வந்துவிட்டது. "எனக்கு வண்டின்னா பயம். நீ விடிகாலையில அந்தப் பாலத்துல போறப்பல்லாம் பயம். பயமா இருக்குன்னு உன்னப் போகாதேன்னு சொல்லணுமா? நாலு வருஷத்துல ஒரு நாள் சொல்லியிருக்கேனா? நீ ஓட்டணும், ஓட்டிட்டு முழுசா வீட்டுக்கு வரணும். அதுக்குக் கட்டுனேன். ஹாலிதுக்குத் தெரிஞ்சா கேலி பண்ணுவான்னு சொல்லல."

நாலு வருஷமாகத் தனியாகப் போராடுகிறோம் என்று நினைத்திருந்தவள் தஸ்லிமா. அந்த நினைப்பு போனதில் சந்தோஷமும் இருந்தது, கொஞ்சம் அவமானமும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஹாலித் தானும் வருவதாகச் சொன்னான். ஏதாவது தில்லுமுல்லு நடக்குமோ என்று அவனுக்குச் சந்தேகம். வாசலுக்கு வந்து பார்த்தால், முன்சீட்டில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உதடு ஓதிக்கொண்டே இருந்தது.

"நீ எங்கம்மா?"

"சர்டிபிகேட் வாங்க. பின்னாடி ஏறு."

கொட்டகையில் குழாய் சைலன்சருக்குள் போனது. தஸ்லிமா கம்ப்யூட்டரைப் பார்க்காமல் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரையில் எண்கள் ஏறும் என்று காத்திருந்த அந்த முகம், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"பாஸுக்கா" என்றான் அந்த ஆள். அவன் குரலில் மாமா வண்டி தேவைப்படாமல் போன வருத்தம் தெரிந்தது.

ஹாலித் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சரி, லால்குடிக்காரர்ட்ட ஒரு வார்த்தை பேசிட்டு..." என்று இழுத்தான்.

"பேசுங்கண்ணே. வண்டி வராதுன்னு பேசுங்க" என்றாள் தஸ்லிமா. பேர் மாற்றுகிற படிவத்தைப் பையிலிருந்து எடுத்து, பானெட்டின் மேல் விரித்து, பேனாவை நீட்டினாள். "மூச்சு முட்டிப்போன வண்டின்னு சொன்னீங்க. காது கொடுத்துக் கேளுங்க. முட்டுதா?"

வண்டி சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஹாலித் அம்மாவைப் பார்த்தான். அம்மா கண்ணாடியை இறக்கி, "சொன்ன சொல்லு சொல்லுதான். போடு" என்றாள். போட்டான்.

கையெழுத்துப் போட்ட கையோடு, பழக்கதோஷத்தில் டிரைவர் பக்கக் கதவுக்குக் கையை நீட்டினான். "நான் ஓட்டுறேன், ஜும்ஆவுக்கு நேரமாச்சு."

"பின்னாடி உக்காருங்கண்ணே. தொழுகைக்கு நேரத்துக்கு நான் கொண்டுபோயி விடுறேன்."

அவன் ஏறிக் கதவைச் சாத்தினான். தஸ்லிமா கியரில் கை வைத்தபோது சாரா பீவி மடியிலிருந்து அந்தக் கறுப்புக் கயிற்றை எடுத்தாள். நீவி நேராக்கி, முடிச்சுப் போடத் தயாராகப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"இப்ப நீயே சொல்லு. எங்க கட்டுனா புகையாது?"

தஸ்லிமா ஸ்டீயரிங்கிலிருந்து வலது கையை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.