ரெயின்கோட்டில் அறுகம்புல்

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் மலருக்கு எலி என்றாலே ஆகாது. கட்டி வைத்த மாலையைக் குதறிவிட்டுப் போகிற ஜென்மத்தின் மேல் யாருக்குத்தான் பாசம் வரும்? ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையாருக்கு அறுகம்புல் மாலை கொண்டுபோகிறவளும் அவள்தான். அவர் காலடியில் உட்கார்ந்திருக்கும் எலியை மட்டும் தள்ளி வைக்க முடியுமா? அதையும் சேர்த்துத்தான் கும்பிட்டு வந்தாள்.

அதனால்தான் தம்பி கிஷன் வந்து விஷயத்தைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. அவன் பூச்சோங்கில் பூச்சி, எலி ஒழிக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவன்.

"அக்கா, நடுக்கடல்ல ஒரு தீவு. மனுசனே இல்ல, பறவைங்கதான். பழைய காலத்து கப்பல்ல வந்த எலிங்க பெருகிப் போச்சு. மருந்து வைக்க டீம் போகுது, என்னையும் எடுத்துட்டாங்க. ஒரு எலிகூட மிஞ்சக்கூடாது."

"அத்தனையுமா? டேய், பிள்ளையார் வாகனம்டா!"

கிஷன் கைப்பேசியில் ஒரு வீடியோவைப் போட்டு நீட்டினான். தரையிலேயே கூடு கட்டி உட்கார்ந்திருந்தது ஒரு பெரிய வெள்ளைப் பறவை. பின்னாலிருந்து ஓர் எலி ஏறி அதன் முதுகைக் கடித்தது. பறவை எழுந்திருக்கவில்லை, கொத்தவுமில்லை. முட்டையை அணைத்தபடி அப்படியே இருந்தது.

"ஏன்டா பறக்க மாட்டேங்குது?"

"அதுக்கு பயப்படவே தெரியாதுக்கா. கடிக்கிற மிருகம் எதுவும் அங்க இருந்ததே இல்ல."

மலர் கைப்பேசியைத் தள்ளிவிட்டாள். "நாசமாப் போற எலி! போடா, ஒன்னு விடாம முடிச்சிட்டு வா" என்றாள்.

வாய் சொல்லிவிட்டது, மனசு கேட்கவேண்டுமே. அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அத்தனை எலியின் பாவமும் அவன் தலையில் வந்து விடிந்தால்? வெள்ளிக்கிழமை கோயிலில் குருக்களிடம் கேட்டு, பிள்ளையார் காலடியில் கிடந்த அறுகம்புல்லில் ஒரு பிடி வாங்கி வந்தாள். கிஷனிடம் கொடுத்தால் கேலி பண்ணியே கொன்றுவிடுவான். ஆகவே அவனுடைய புது ரெயின்கோட்டின் ஓரத்தைப் பிரித்து, உள்ளே புல்லைப் பரப்பி, பிரித்த சுவடே தெரியாமல் தைத்து வைத்தாள். அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

கப்பல் புறப்படும் நாளில் வழியனுப்பக் குடும்பத்தாரைக் கிள்ளான் துறைமுகத்துக் கிடங்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மலர் கோழிப் பிரட்டலும் சோறும் கட்டிக்கொண்டு ரயிலேறிப் போனாள். தம்பியோடு உட்கார்ந்து ஒருவாய் சாப்பிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

அங்கே சாமான்களைச் சோதிக்கும் பொறுப்பு ராஜினி என்ற பெண்ணுடையது. சப்பாத்துகளின் அடியில் ஒட்டிய மண்ணை ஊசியால் கிளறி எடுத்துக்கொண்டிருந்தாள். கிஷனின் பெட்டி சோதனை முடிந்து, சீல் வைக்கக் காத்திருந்தது.

"மண்ணுக்குமா மிஸ் இந்தப் பாடு?" என்று மலர் கேட்டாள்.

"எலிய ஒழிக்கப் போய் வேற ஒன்ன கொண்டுபோய் விட்டுடக் கூடாதில்ல அக்கா? ஒரு விதை போதும். சில புல்லு காஞ்சு செத்துப் போச்சுன்னு நினைப்பீங்க. துளி தண்ணி பட்டா துளிர்த்துடும். பறவை கூடு கட்டுற நிலத்தையே மூடிடும்."

மலருக்கு ரெயின்கோட் ஞாபகம் வந்தது. 'காஞ்சாலும் சாகாது லா, அதான் பிள்ளையாருக்கு உசத்தி' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அறுகம்புல் விற்கிறவள் அவள்.

"யார் சாமான்லயாச்சும் அப்படி இருந்துட்டா?"

"அவங்க கப்பல் ஏற முடியாது."

மலர் கிஷனின் பெட்டியைப் பார்த்தாள். சோதனைதான் முடிந்துவிட்டதே. அவள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தம்பி அந்தப் பக்கம் யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை. இதைக் கெடுக்கவா? சீல் ஒட்டுகிற ஆள் நாடாவைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. கடிபட்டும் எழுந்திருக்காத அந்தப் பறவை கண்முன்னே வந்து உட்கார்ந்துகொண்டது.

"நிறுத்துங்க!" குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அந்த ரெயின்கோட்டப் பிரிங்க மிஸ். ஓரத்துல அறுகம்புல் வெச்சுத் தைச்சிருக்கேன். அவனுக்கு ஒன்னும் தெரியாது."

கிஷன் ஓடி வந்தான். "அக்கா! என்னக்கா இது? இதுக்கு நான் எவ்வளவு அலைஞ்சேன்! உனக்கு அறிவிருக்கா?" திட்டட்டும் என்று மலர் நின்றாள்.

ராஜினி தையலைப் பிரித்தாள். பழுப்பாகக் காய்ந்த புல், விரல் விரித்தாற்போல் கதிர்களோடு மேசையில் உதிர்ந்தது. "இந்தக் கோட்ட என் கையாலதான் பாத்தேன். எனக்குத் தெரியவே இல்ல" என்றாள். புல்லை ஒன்றுவிடாமல் ஓர் உறையில் வாரிப் போட்டாள். "நாங்களா கண்டுபிடிச்சிருந்தா இவர அனுப்பியிருக்க மாட்டோம். நீங்களே வந்து சொன்னீங்க, அதனால இவர் போகலாம். கோட்டு இங்கயே இருக்கட்டும். மத்த எல்லாத்தையும் முதல்லேர்ந்து திரும்பப் பாக்கணும்."

பார்த்து முடிக்கவும் கப்பல் ஏறவும் நேரம் சரியாக இருந்தது. சோற்றுப் பொட்டலம் மலரின் மடியில் ஆறிப்போனது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இரவல் கோட்டோடு நின்ற கிஷன் அவளை முறைத்தான். பிறகு கால்சட்டைப் பை இரண்டையும் வெளியே இழுத்துப் போட்டு, 'பார், ஒன்னுமில்ல' என்று காட்டினான். மலருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"சாமி கால்ல இருந்த புல்லு மிஸ், குப்பையில போட்டுடாதீங்க" என்று கேட்டு, அதை உறையில் வாங்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனாள். பிள்ளையார் காலடியில் கொட்டினாள். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"உன் எலியும் அங்க வேணாமாம், உன் புல்லும் வேணாமாம்" என்றாள். "வண்டிய இங்கயே விட்டுட்டு நீ மட்டும் போ சாமி. என் தம்பிகூட இரு. போறதுக்கு முன்னாடி மேல ஒட்டியிருக்கிற புல்ல நல்லா உதறிட்டுப் போ."